அக்கா வீட்டு நடைச்சுவருக்கு எந்த வண்டு?

அக்கா வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நீளமாக ஒரு நடை இருக்கிறது. அகலம் மூன்றரை அடிதான். ஒரு பக்கம் முழுக்க வெறும் சுவர். வெள்ளையடித்து முடித்த அன்று அதைப் பார்த்துவிட்டு, "சாமி படம், கல்யாணப் படம் எல்லாம் கூடத்துல மாட்டியாச்சு. இங்க வேற ஏதாவது வேணும். நீதான் பழைய பூச்சிப் படமெல்லாம் சேர்த்து வச்சிருக்கியே" என்றாள். ஆறு ஃபிரேம். செலவு கையைக் கடிக்கக் கூடாது. கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும். வெறும் பூவாக இருந்தால் சலித்துவிடும், ஊர்வதும் பறப்பதும் வேண்டும். கடைசி நிபந்தனை அவள் பையனுக்காக. ஏழு வயது, எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும்.

நான் சேர்த்து வைத்திருப்பவை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அச்சுப் படங்கள். செடியையும் பூச்சியையும் கண்ணால் பார்த்து வரைந்து, மரத்திலோ செம்பிலோ செதுக்கி அச்சிட்ட புத்தகங்கள் அப்போது நிறைய வந்தன. வடிகட்டியதில் நான்கு மிஞ்சின. லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் பாசல் நகரில் வெளியிட்ட மூலிகை நூல். யாக்கோப் ஹூஃப்நாகல் 1592இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்ட 'ஆர்க்கெட்டிபா'. பசிலியஸ் பெஸ்லர் 1613இல் கொண்டுவந்த 'ஐஷ்டெட் தோட்டம்'. கிறிஸ்பின் டி பாஸ் 1614இல் உட்ரெக்ட்டில் கொண்டுவந்த 'ஹோர்ட்டுஸ் ஃப்ளோரிடுஸ்', அதாவது பூந்தோட்டம். நானூறு வருஷத்துச் சரக்கு, காப்புரிமைத் தொல்லை கிடையாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி போன்ற இடங்கள் பெரிய அளவுக் கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. ஆகவே காசு போவது அச்சுக்கும் ஃபிரேமுக்கும் மட்டும்.

அழகில் நான்கும் சளைத்தவை அல்ல. அதனால் அழகை ஓரமாக வைத்துவிட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குக் கோடு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

மரக்கட்டை அச்சில் கோடு மேடாக நிற்கும். சுற்றியிருக்கும் மரத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் பதிப்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதான். கோட்டை ரொம்ப மெலிய வைத்தால் அச்சடிக்கும்போது அது உடைந்துபோகும். செப்புத்தகட்டில் எல்லாம் தலைகீழ். கூரான உளியால் கோட்டைப் பள்ளமாகக் கீறுவார்கள். தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பை வழித்துத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே ஓட்டுவார்கள். பள்ளத்தில் தங்கிய மை தாளில் ஏறிவிடும். உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் மயிரிழையாய் ஓடிக் காணாமல் போகும். தட்டான் இறகின் நரம்பையும் கம்பளிப்பூச்சியின் சுணையையும் அச்சில் கொண்டுவர இதுதான் வழி. ஆனால் அதே நுணுக்கத்தை எட்டு அடி தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரியும். மரக்கட்டையின் தடித்த கோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் எட்டும்.

மூன்றரை அடி அகல நடையில் யாரும் சுவரைவிட்டு மூன்று அடிக்கு மேல் தள்ளி நிற்க முடியாது. குறுகலான நடை என்று அக்கா அலுத்துக்கொள்ளும் அதே விஷயம் செப்புத்தகட்டுப் படத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது.

முதலில் ஹூஃப்நாகல். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

புத்தகத்தின் முழுப் பெயரிலேயே இந்த மூலப் படங்கள் தந்தை யோரிஸுடையவை என்று இருக்கிறது. யோரிஸ் ஹூஃப்நாகல் 1542இல் ஆன்ட்வெர்ப்பில் நகை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1576இல் ஸ்பானியப் படைவீரர்கள் அந்த ஊரைச் சூறையாடியதற்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பினார். நிலப்பட நிபுணர் ஓர்ட்டேலியுஸோடு இத்தாலி போனார், மியூனிக்கில் பவேரியப் பிரபுவிடம் ஓவியராக இருந்தார், பிற்பாடு புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கும் வரைந்தார். உயிரினங்களை நான்கு பூதங்களுக்குப் பகிர்ந்து நான்கு தொகுதி நீர்வண்ணப் படங்கள் வரைந்து வைத்தார். பூச்சிகளுக்குக் கிடைத்த பூதம் நெருப்பு. அந்த நான்கு தொகுதிகளும் இன்று வாஷிங்டனில் இருக்கின்றன. நெருப்புத் தொகுதியின் ஒரு பக்கத்தில் தட்டான்களுக்கு வரைந்த இறகு கிடையாது. நிஜத் தட்டானின் இறகையே ஒட்டியிருக்கிறார். பொடிக்கற்களைத் தரம் பார்த்த குடும்பத்துக் கண் வேறு எப்படி வேலை செய்யும்?

தந்தையின் படங்களைப் பார்த்து மகன் யாக்கோப் செம்பில் செதுக்கியதுதான் ஆர்க்கெட்டிபா. அப்போது தனக்கு 17 வயது என்று பெயர்ப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறான். நான்கு பாகம், பாகத்துக்கு 12 படம், தவிர ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பக்கம். ஆக 52 தகடுகள்.

ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பூவோ பழமோ பெரிய வண்டோ இருக்கும். அதைச் சுற்றி ஈ, அந்துப்பூச்சி, நத்தை, கம்பளிப்பூச்சி, அவரை நெற்று, சிப்பி. இடப்பக்கம் ஒன்று இருந்தால் வலப்பக்கம் அதற்கு ஈடாக இன்னொன்று. நடுப்புள்ளி வைத்து நாலு பக்கமும் இழுத்த கோலம் மாதிரி ஒழுங்கு, ஆனால் கோலத்தைப் போல அச்சுப் பிசகாத ஒழுங்கு இல்லை. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு மீசை அடுத்த பூவின் மேல் விழும். தரை கிடையாது, வானம் கிடையாது. சில பூச்சிகளுக்கு மட்டும் தாளின்மேல் மெல்லிய நிழல் விழுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது இப்போதுதான் வந்து உட்கார்ந்த ஈயோ என்று கை தானாகவே விசிறப் போகும்.

குறையும் உண்டு. அளவு விகிதம் பற்றி இவர்கள் கவலைப்படவே இல்லை. பழமும் வண்டும் ஒரே பருமனில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பூச்சியின் பெயர் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக மேலேயும் கீழேயும் ஒரு வரி லத்தீன். விவிலியத்திலிருந்தும் பழைய கவிகளிடமிருந்தும் டச்சு அறிஞர் எராஸ்முஸ் தொகுத்த பழமொழிகளிலிருந்தும் எடுத்த வரிகள் அவை. கம்பளிப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் ஒரே பக்கத்தில் இருக்கும், ஆனால் இதுதான் அதுவாகிறது என்று படம் சொல்லாது. அழுகலிலிருந்து பூச்சி தானாகவே பிறக்கும் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் இறைச்சியை மூடியும் திறந்தும் வைத்துப் பார்த்து, ஈ முட்டையிட்டால்தான் புழு வரும் என்று எழுதியது 1668இல்தான். அதனால் பாடம் சொல்லிக் கொடுக்கும் சார்ட்டாக இதை மாட்ட முடியாது. வேடிக்கை பார்க்க மாட்டலாம்.

அச்சுக் கணக்கில் இது ரொம்ப வசதி. மூலத் தகடு ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர், அதாவது நம் ஏ5 தாள் அளவு, படுக்கை வாட்டில். ஏ4இல் அச்சடித்தால் கோடு நாற்பது சதவீதம் பெரிதாகும். மூன்று அடியிலிருந்து பார்க்க அது கச்சிதம்.

இதற்கு நேர் எதிர் பெஸ்லர். நியூரம்பெர்க்கில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஐஷ்டெட் நகரத்து ஆயராகவும் ஆட்சியாளராகவும் இருந்த கெம்மிங்கன் தன் மலைக்கோட்டையில் அமைத்த தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்து, அதில் பூத்ததையெல்லாம் படப் புத்தகமாக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டார். 367 தகடுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகள். பருவவாரியாக அடுக்கியதில் வசந்தத்துக்கு 134, கோடைக்கு 184, இலையுதிர் காலத்துக்கு 42, குளிர்காலத்துக்குப் பாவம் 7. ஆயர் 1612இல் இறந்துவிட்டார், புத்தகம் அடுத்த வருஷம்தான் வந்தது. கையால் வண்ணம் தீட்டிய பிரதி 500 கில்டருக்கும், வண்ணமில்லாதது 35 கில்டருக்கும் விற்றதாகச் சொல்வார்கள். செப்புத்தகடுகளை 19ஆம் நூற்றாண்டில் மியூனிக் நாணயச்சாலையில் உருக்கிவிட்டார்கள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 329 தகடுகள் வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது 1998இல் தெரியவந்தது.

அதன் சூரியகாந்தியைப் பார்த்துவிட்டு வேறு சூரியகாந்திப் படம் பிடிக்காது, அது உண்மை. அமெரிக்காவிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆன சப்பாத்திக் கள்ளியும் அந்திமந்தாரையும் அதில் உண்டு. நம் வேலியோரத்துச் செடிகள் ஓர் ஆயரின் தோட்டத்தில் ராஜ மரியாதையோடு நிற்பதைப் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் புத்தகத்தின் பக்கம் 57 சென்டிமீட்டர் உயரம், ஏ2 தாளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதற்கென்று செதுக்கிய கோட்டை ஏ4க்குச் சுருக்கினால் நிழற்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏ2விலேயே ஆறு ஃபிரேம் போட்டால் கண்ணாடி, மரச்சட்டம், கனம் எல்லாம் சேர்ந்து பட்ஜெட் எங்கேயோ போய்விடும். போதாக்குறைக்குப் படங்களில் ஊரும் ஜீவன் எதுவும் இல்லை. செடி, செடி, செடிதான். மாடிப்படிச் சுவரில் பெரிதாக ஒன்றே ஒன்று மாட்டுவதாக இருந்தால் பெஸ்லரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த நடைக்கு ஆகாது.

ஃபூக்ஸின் கதை வேறு. இது மருத்துவப் பேராசிரியர் எழுதிய மருந்துச் செடி நூல், மரக்கட்டை அச்சு, ஐந்நூறுக்கு மேற்பட்ட முழுப்பக்கப் படங்கள். செடியை வரைந்தவர் ஆல்பிரெக்ட் மையர், அதைக் கட்டையில் ஏற்றியவர் ஹைன்ரிச் ஃபுல்மவுரர், செதுக்கியவர் ஃபைட் ருடால்ஃப் ஷ்பெக்லே. மூவரின் உருவப்படத்தையும் பெயரோடு புத்தகத்தின் கடைசியில் போட்டிருக்கிறார். ஆனால் வேலையில் அவர்களை இஷ்டத்துக்கு விடவில்லை. நிழல் போட்டு வித்தை காட்ட வேண்டாம், செடியின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்டளை. அதனால் படங்கள் பெரும்பாலும் வெளிக்கோடாகவே நிற்கின்றன. வேர் முதல் நுனி வரை முழுச்செடி, பூவும் காயும் ஒரே நேரத்தில். ஒரே தண்டில் மூன்று வகைச் செடியின் பூவை வைத்த படம்கூட உண்டு. பார்த்தால் பிழை மாதிரி இருக்கும், ஆனால் பக்கத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றே செய்தது.

எனக்கு அதில் பிடித்தது மிளகாய். அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் இந்தியச் சரக்கு என்று ஃபூக்ஸ் நினைத்துவிட்டார். ஜெர்மன் மொழியில் அதற்கு அவர் கொடுத்த பெயர் 'காலிக்கட்டு மிளகு'. நம் கோழிக்கோடுதான். மக்காச்சோளத்தையும் துருக்கியின் தலையில் கட்டி, 'துருக்கித் தானியம்' என்று போட்டிருக்கிறார். இந்தத் தப்புகளுக்காகவே இந்த நூலை எத்தனை தடவை வேண்டுமானாலும் புரட்டலாம்.

பூச்சி? ஃபூக்ஸில் எதிர்பார்க்காதீர்கள். நிபந்தனைப்படி பார்த்தால் இதையும் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் நடையின் கடைசியில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், கூடத்திலிருந்து நேராகத் தெரியும் ஒரு சின்னச் சுவர் இருக்கிறது. தூரம் பன்னிரண்டு அடி இருக்கும். அங்கே ஆர்க்கெட்டிபாவை மாட்டினால் அழுக்குத் துணி மாதிரி தெரியும். ஃபூக்ஸின் கோடு மட்டும்தான் அந்தத் தூரத்தைத் தாங்கும். மூலப் பக்கமே ஏ3க்குச் சற்றுக் குறைந்த அளவு, ஆக ஏ3இல் அச்சடித்தால் எதையும் சுருக்க வேண்டியதில்லை.

டி பாஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செதுக்கியபோது அவருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். குடும்பமே செதுக்குத் தொழிலில் இருந்தது. செப்புத்தகடு, படுக்கை வாட்டுப் பக்கம், பெஸ்லரைப் போலவே பருவவாரி. வித்தியாசம் என்னவென்றால், செடி மண்ணில் நிற்கிறது. தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் எப்படியோ அப்படி அடிவானம் தாழ இருக்கிறது, துலிப் செடி தென்னை மரம் மாதிரி எழும்புகிறது. மண்ணில் ஒரு பூச்சி, சில படங்களில் ஒரு சுண்டெலி. 1615இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் எந்த இதழுக்கு எந்த வண்ணம் தீட்டலாம் என்று வாங்குபவருக்கு வழிமுறை எழுதியிருந்தார்கள். இன்றைக்குக் குழந்தைகளுக்கு விற்கிற கலரிங் புத்தகத்துக்கு ஒரு வகையில் தாத்தா. ஹூஃப்நாகலின் கோட்டிலிருக்கும் துடிப்பு இதில் இல்லை, செதுக்கல் கொஞ்சம் பாட வாசிப்பு மாதிரி. இருந்தாலும் குழந்தையின் கண்மட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் நான் பார்க்கவில்லை.

வேறு இரண்டு பெயர்களை நிச்சயம் கேட்பார்கள். பூச்சிகளுக்கென்றே இத்தாலிய இயற்கை அறிஞர் அல்ட்ரோவாண்டி 1602இல் போலோன்யாவில் வெளியிட்ட பெரிய நூல் இருக்கிறது. அதற்குச் செதுக்கிய மரக்கட்டைகளை அந்த ஊர்ப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஆனால் அதில் பூச்சிகளைக் கடை அலமாரியில் பொத்தான் அடுக்கிய மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். மரக்கட்டையில் எறும்பின் கால் குச்சியாகிவிடுகிறது. ஆராய்ச்சிக்குச் சரி, சுவருக்கு வேண்டாம். மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஓவியர் தென் அமெரிக்காவின் சூரினாமில் பார்த்து வரைந்து 1705இல் வெளியிட்ட படங்கள் இவை எல்லாவற்றையும்விட உயிரோட்டமானவை, கம்பளிப்பூச்சி கூடாகிப் பட்டாம்பூச்சியாவதை ஒரே செடியில் காட்டுபவை. ஆனால் அவற்றுக்கு உயிரே வண்ணம்தான். அக்கா கேட்டது கறுப்பு வெள்ளை. தவிர அது நூறு வருஷம் பிந்திய வேறு காலம்.

சரி, அச்சு. முதல் தடவை நான் மூக்குடைபட்டேன். அவசரத்தில் 1,200 பிக்சல் அகலக் கோப்பைத் தரவிறக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வந்த பிரிண்டில் அந்துப்பூச்சியின் இறகு முழுக்க அலையலையாக ஏதோ ஓடியது. நெருக்கமான கோடுகளைச் சின்னக் கோப்பில் திணித்தால் அப்படித்தான் ஆகும். கடைக்காரர், "சார், இது கார்பன் காப்பியா?" என்றார். ஏ4இல் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 2,480க்கு 3,508 பிக்சல், ஏ3க்கு 3,508க்கு 4,961. அதற்குக் குறைந்த கோப்பை எடுத்துக்கொண்டு படியேறாதீர்கள்.

இரண்டாவது விஷயம் பழைய தாளின் மஞ்சள். அருங்காட்சியகக் கோப்பில் அந்த நிறமும் சேர்ந்தே வரும். அப்படியே அச்சடித்தால் மெஷின் மஞ்சளையும் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் போட்டு, கோட்டின் கூர்மையைக் கெடுத்துவிடும். பார்வைக்கு டீக்கறை மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றி, பின்னணியை வெளுக்க வைத்து, லேசான தந்த நிறத் தாளில் அச்சடிப்பது நல்லது. 200 ஜிஎஸ்எம் கனம், பளபளப்பில்லாத தாள். பளபளப்பு வேண்டவே வேண்டாம், நடையில் இருக்கும் ஒரே டியூப்லைட் அதில் முகம் பார்க்கும். படத்தின் ஓரத்தில் தகடு அழுந்திய தடம் தெரிந்தால் அதை வெட்டாமல் விடுங்கள். லத்தீன் வரிகளையும் வெட்ட வேண்டாம். புரியாவிட்டாலும் அவை இருந்தால்தான் பக்கம் பக்கமாக இருக்கும்.

ஃபிரேம் போடும்போது பின்பலகையின் நாலு விளிம்பையும் டேப்பால் அடைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இராமபாணப் பூச்சி உள்ளே போய், யாக்கோப் செதுக்காமல் விட்ட பூச்சியாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பழைய காலண்டர் படம் ஒன்று அப்படித்தான் போனது.

கடைசியில் முடிவானது இப்படி: நடைச்சுவரில் ஆர்க்கெட்டிபா நான்கு, ஏ4இல், பாகத்துக்கு ஒன்றாக, பெரியவர்கள் கண்மட்டத்தில். அவற்றுக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றே கால் அடி உயரத்தில், டி பாஸ் ஒன்று. மாட்டிய அன்றே பையன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுண்டெலியைக் கண்டுபிடித்ததும், மேலே இருப்பதையும் பார்க்க வேண்டும் என்று ஸ்டூல் கேட்டான். ஸ்டூலில் ஏறிய பிறகு, "இந்த ஈ பழத்தவிட பெருசா மாமா?" என்ற கேள்வியும் வந்தது. பெஸ்லருக்கு இடமில்லை. மாடி கட்டினால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அது எந்த வருஷமோ.

ஆறாவதாக, சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஃபூக்ஸின் மிளகாய், ஏ3இல். கூடத்தில் உட்கார்ந்தால் காம்பு வரை தெரிகிறது. அதன் ஜெர்மன் பெயரைத் தமிழில் 'காலிக்கட்டு மிளகு, 1542' என்று எழுதிக் கீழே ஒட்டட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம். வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொல்லணும்" என்றாள்.